கூர்மையின் கதை: இருட்டறை முதல் குட்டன்பிரிண்ட் வரை

கிம்ப் மென்பொருளைத் திறந்து ஒரு படத்தைக் கூர்மையாக்கப் போனால், அதற்கான கருவியின் பெயர் 'அன்ஷார்ப் மாஸ்க்' என்று இருக்கும். கூர்மையாக்கும் கருவிக்கு 'கூர்மையில்லாத முகமூடி' என்று யாராவது பெயர் வைப்பார்களா? வச்சிருக்காங்க. இது மொழிபெயர்ப்புக் கோளாறும் இல்லை, எங்களை மாதிரி புரோகிராமர்கள் அடித்த ஜோக்கும் இல்லை. கம்ப்யூட்டரில் படம் பார்க்கும் காலம் வருவதற்கு வெகு முன்பே, அந்தப் பெயரில் கையால் தொடக்கூடிய ஒரு பொருள் இருந்தது. ஒரு துண்டு ஃபிலிம்.

நான் புகைப்படக்காரன் இல்லை. மென்பொருள் எழுதுவது பிழைப்பு, பழைய விஷயங்களைத் தோண்டுவது பொழுதுபோக்கு. ஒரு படத்தைக் கூர்மையாக்குவது, நூறு படங்களை ஒரே கட்டளையில் மாற்றுவது, அவற்றை வீட்டு பிரிண்டரில் ஒழுங்காக அச்சடிப்பது, இந்த மூன்றையும் இன்று கட்டற்ற மென்பொருளை வைத்தே செய்துவிடலாம். இது எப்படி சாத்தியமானது என்று நூல் பிடித்துக்கொண்டு போனால் ஒரு வேடிக்கை தெரிகிறது. கூர்மையாக்குவதில் கை வைத்த ஆட்களே அச்சிலும் கை வைத்திருக்கிறார்கள். திரும்பத் திரும்ப அப்படித்தான் நடந்திருக்கிறது.

முதலில் அந்தத் துண்டு ஃபிலிம்.

கையில் ஒரு நெகட்டிவ் இருக்கிறது. அதன்மேல் இன்னொரு ஃபிலிமை வைக்கிறார்கள், ஆனால் ஒட்டி வைப்பதில்லை. நடுவில் மெல்லிய கண்ணாடி ஒன்றை இடைவெளிக்காகச் செருகி, பரவலான வெளிச்சத்தைப் பாய்ச்சுகிறார்கள். இடைவெளி இருப்பதால் நகல் மங்கலாக விழும். நெகட்டிவின் நகல் என்பதால் அது பாசிட்டிவ். அதையும் வேண்டுமென்றே வெளிறலாகக் கழுவி எடுப்பார்கள். இதுதான் அன்ஷார்ப் மாஸ்க். பிறகு இந்த மங்கல் பாசிட்டிவை மூல நெகட்டிவோடு துளியும் பிசகாமல் பொருத்தி, இரண்டையும் சேர்த்து என்லார்ஜரில் வைத்து அச்சடிப்பார்கள்.

என்ன ஆகிறது பாருங்கள். நெகட்டிவ் அடர்த்தியாக இருக்கும் இடத்தில் மாஸ்க் மெல்லியதாக இருக்கும். நெகட்டிவ் மெல்லியதாக இருக்கும் இடத்தில் மாஸ்க் அடர்த்தி. ஒன்றை ஒன்று சமன் செய்வதால் வானம், சுவர், சட்டை மாதிரி பெரிய பரப்புகளுக்கு இடையே உள்ள வெளிச்ச வித்தியாசம் குறைந்துவிடும். ஆனால் தலைமுடி, இலை நரம்பு, துணியின் இழை போன்ற நுணுக்கங்கள் மாஸ்க்கில் இல்லவே இல்லை, மங்கலில் கரைந்துபோய்விட்டன. அதனால் அவை மட்டும் குறையாமல் அப்படியே நிற்கும். இப்போது வித்தியாசத்தைத் தூக்கிக் காட்டும் கடினமான தாளில் அச்சடித்தால், பெரிய பரப்புகள் பழைய நிலைக்குத் திரும்பும், நுணுக்கங்கள் பழைய நிலையைத் தாண்டிப் போகும். படம் பளிச்சென்று தெரியும்.

கணக்காகச் சொன்னால் ஒரு வரிதான். மூலத்திலிருந்து மங்கலைக் கழித்தால் மிஞ்சுவது விளிம்புகள். அந்த விளிம்பைக் கொஞ்சம் பெருக்கி மூலத்தோடு கூட்டு. கிம்ப் செய்வதும் இதே கழித்தல், இதே கூட்டல். ரேடியஸ் என்பது எவ்வளவு மங்கலாக்குவது, அதாவது அந்தக் கண்ணாடியின் தடிமன். அமவுண்ட் என்பது விளிம்பை எவ்வளவு பெருக்கிக் கூட்டுவது. த்ரெஷோல்ட் மட்டும் இருட்டறையில் இல்லாத புதுச் சரக்கு. இந்த அளவுக்குக் கீழே வித்தியாசம் இருந்தால் தொடாதே என்று சொல்வது. முகத்தின் தோல் சொரசொரப்பாகாமல் இருக்க உதவும்.

இந்த வித்தை 1930களிலேயே ஜெர்மனியில் தெரிந்திருந்தது. அதை ஒழுங்காக ஆராய்ந்து எழுதியவர்களில் முக்கியமானவர் ஜே. ஏ. சி. யூல், கோடக் ஆராய்ச்சிக்கூடத்துக்காரர். அச்சுப்படங்களின் தெளிவைக் கூட்ட அன்ஷார்ப் மாஸ்க்கை எப்படிப் பயன்படுத்தலாம் என்று 1944இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இதே யூல் 1951இல் நீல்சன் என்பவரோடு சேர்ந்து வேறொரு கேள்விக்குப் போனார். புள்ளி புள்ளியாக மை வைத்து அச்சடிக்கும்போது, கணக்குப்படி வர வேண்டியதைவிடப் படம் ஏன் இருட்டாக வருகிறது? தாளுக்குள் புகும் ஒளி சிதறி, மைப்புள்ளிக்கு அடியில் போய் மாட்டிக்கொள்கிறது என்பது பதில். யூல்-நீல்சன் விளைவு என்று அச்சுத்துறையில் இன்றும் சொல்கிறார்கள். நான் சொன்னேன் இல்லையா, ஒரே ஆள் இரண்டு பக்கமும் என்று. இவர் முதல் ஆள்.

கூர்மை என்று நாம் சொல்வதே பாதி கண்ணின் ஏமாற்றுதான் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எர்ன்ஸ்ட் மாக், ஒலிவேகத்துக்குப் பெயர் கொடுத்த அதே மாக், 1865இல் ஒன்றைக் கவனித்தார். இருட்டும் வெளிச்சமும் சந்திக்கும் இடத்தில், உண்மையில் இல்லாத ஒரு வெளிச்சக் கோடும் ஒரு இருட்டுக் கோடும் நமக்குத் தெரிகின்றன. ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து ஹார்ட்லைன் என்ற அமெரிக்கர் குதிரைலாட நண்டின் கண்ணை ஆராய்ந்து, ஒவ்வொரு ஒளியுணர் அலகும் பக்கத்து அலகுகளை அமுக்குகிறது என்று காட்டினார். 1967இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர். பக்கத்தில் இருப்பவற்றின் சராசரியைக் கழித்துவிட்டு வித்தியாசத்தை மட்டும் மேலே அனுப்புவது. அன்ஷார்ப் மாஸ்க்கேதான். நண்டு நமக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டது.

இருட்டறை வித்தையின் உச்சம் ஆஸ்திரேலியாவில் நடந்தது. டேவிட் மாலின் அடிப்படையில் வேதியியல்காரர். 1975இல் ஆங்கிலோ-ஆஸ்திரேலிய வானாய்வகத்தில் சேர்ந்தார். தொலைநோக்கி எடுத்த பெரிய கண்ணாடித் தட்டுகளில் நடுப்பகுதி வெள்ளையாகப் பொங்கி, ஓரம் ஒன்றும் தெரியாமல் இருக்கும். நடுப்பகுதியின் விவரத்தை வெளியே கொண்டுவர மாலின் பயன்படுத்தியது அன்ஷார்ப் மாஸ்க். மிக மங்கலான ஓரத்தை எடுக்க வேறொரு நகலெடுக்கும் முறை வைத்திருந்தார். 1980இல் அவரும் டேவிட் கார்ட்டரும், சாதாரணம் என்று நினைத்திருந்த நீள்வட்ட விண்மீன் மண்டலங்களைச் சுற்றிப் பிரம்மாண்டமான ஓடுகள் இருப்பதை அறிவித்தார்கள். மண்டலங்கள் ஒன்றோடொன்று மோதிக் கலந்ததன் தழும்புகள் அவை என்று பின்னால் புரிந்தது. அந்த ஓடுகள் தட்டுகளில் முதலிலிருந்தே இருந்தன, கண்ணுக்குத்தான் படவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

அச்சகங்களில் டிரம் ஸ்கேனர் வந்தபோது இந்த ஃபிலிம் துண்டு மின்சுற்றாக மாறியது. ஒரு சின்னத் துளை வழியே படத்தின் ஒரு புள்ளியைப் படிப்பார்கள், பெரிய துளை வழியே அதன் சுற்றுவட்டாரத்தைப் படிப்பார்கள். பெரிய துளையின் சிக்னல்தான் 'அன்ஷார்ப்'. சின்னதிலிருந்து பெரியதைக் கழித்துத் திரும்பக் கூட்டினால் வேலை முடிந்தது. அச்சகப் பேச்சில் நிலைத்துவிட்ட அந்தப் பெயரை மேசைக் கணினி மென்பொருள்கள் அப்படியே எடுத்துக்கொண்டன.

இனி நம்ம ஏரியா.

1995இல் பெர்க்லியில் படித்துக்கொண்டிருந்த ஸ்பென்சர் கிம்பாலும் பீட்டர் மேட்டிஸும் ஒரு படத்தொகுப்பு மென்பொருள் எழுத ஆரம்பித்தார்கள். நவம்பர் 21 அன்று யூஸ்நெட்டில் அறிவிப்பு வந்தது. கிம்ப் கோப்புகளுக்கு எக்ஸ்சிஎஃப் என்ற பின்னொட்டு இருக்கிறதே, அது அவர்கள் இருந்த மாணவர் கணினிக் குழுவின் பெயர்ச்சுருக்கம். தொடக்கத்தில் பட்டன், மெனுவெல்லாம் வரைய மோட்டிஃப் என்ற காசு கொடுத்து வாங்கும் நூலகத்தைப் பயன்படுத்தினார்கள். அது சரிப்படவில்லை என்று மேட்டிஸ் தானே ஒன்றை எழுதினார். அதுதான் ஜிடிகே. 1997இல் க்னோம் மேசைச்சூழல் அதன்மேல் எழுந்தது. ஒரு படம் திருத்தும் மென்பொருளின் பக்கவிளைவாக லினக்ஸ் மேசைக்கணினியில் பாதி பிறந்தது என்று சொன்னால் மிகை இல்லை. லினக்ஸின் பென்குவினைக்கூட லாரி ஈவிங் 1996இல் கிம்பில்தான் வரைந்தார். படித்து முடித்த கையோடு இரண்டு பேரும் வேலைக்குப் போய்விட்டார்கள். (பல ஆண்டு கழித்து காக்ரோச்டிபி என்ற டேட்டாபேஸைத் தொடங்கியதும் இதே இருவர்தான். எங்கள் தொழில்காரர்களுக்கு அந்தப் பெயர்தான் இப்போது பழக்கம்.)

கிம்ப் பிழைத்ததற்குக் காரணம் ப்ளக்-இன். யார் வேண்டுமானாலும் ஒரு துண்டு எழுதிச் சேர்க்கலாம். அப்படி வந்தவர்களில் மைக்கேல் ஸ்வீட் என்பவர் இரண்டு ப்ளக்-இன் கொடுத்தார். ஒன்று 'ஷார்ப்பன்', படத்தைக் கூர்மையாக்குவது. ஒரு புள்ளியையும் அதை ஒட்டிய எட்டுப் புள்ளிகளையும் மட்டும் பார்க்கும். ஒரே ஒரு ஸ்லைடர். இன்னொன்று 'பிரிண்ட்', படத்தை பிரிண்டருக்கு அனுப்புவது. யூலுக்குப் பிறகு மறுபடியும் அதே ஜோடி. 1999இல் வின்ஸ்டன் சாங் என்பவர் முறையான அன்ஷார்ப் மாஸ்க்கை எழுதிச் சேர்த்தார். ரேடியஸை நாமே தேர்ந்தெடுக்கும் வசதி வந்தவுடன் ஸ்வீட்டின் ஷார்ப்பன் மெல்ல ஓரம்கட்டப்பட்டது. 2018 ஏப்ரலில் வந்த கிம்ப் 2.10இல் பழைய ஷார்ப்பன் போய், அன்ஷார்ப் மாஸ்க்குக்கே 'ஷார்ப்பன்' என்ற பெயரும் முன்னால் ஒட்டிக்கொண்டது. எழுபது ஆண்டுக் குழப்பத்துக்கு ஒரு தீர்வு.

அதே 2.10 இன்னொரு பெரிய குறையையும் தீர்த்தது. அதுவரை கிம்புக்கு ஒரு நிறத்துக்கு 256 படிதான் தெரியும். கழித்துக் கூட்டும் வேலைக்கு அது போதாது. இரண்டு மூன்று முறை செய்தால் வானம் படிக்கட்டு மாதிரி ஆகிவிடும். கெகல் என்ற உள் இயந்திரம் இதற்காக 2000 வாக்கிலேயே திட்டமிடப்பட்டது. முழுதாக உள்ளே வர இத்தனை காலம் பிடித்தது. கட்டற்ற மென்பொருளில் பொறுமை என்பது தனிப் பாடம்.

மொத்தமாகச் செய்வது, அதாவது பேட்ச் வேலை, இந்தக் கதையில் கொஞ்சம் வேறு கிளை. அதன் வேர் கிம்புக்கும் முந்தியது. 1980களில் ஜெஃப் போஸ்கான்சர் பிபிஎம் என்று ஒரு கோப்பு வடிவம் செய்தார். கறுப்பு-வெள்ளைப் படத்தை வெறும் 1, 0 என்ற எழுத்துகளாகவே எழுதிவைப்பது. ஏனென்றால் அன்றைய மின்னஞ்சல் எழுத்தைத் தவிர வேறு எதைப் போட்டாலும் கெடுத்துவிடும். அதைச் சுற்றி அவர் எழுதிய பிபிஎம்ப்ளஸ் 1988இல் வெளியானது. ஒவ்வொரு நிரலும் ஒரே ஒரு வேலை செய்யும். ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்குக் குழாய் மாதிரி இணைத்துவிடலாம். படத்தைத் திரையில் பார்க்கவே தேவையில்லை. யூனிக்ஸ்காரனுக்கு இதைவிட ஆனந்தம் கிடையாது.

இமேஜ்மேஜிக் கதை இன்னும் சுவை. 1987இல் டூபான்ட் ரசாயன நிறுவனத்தில் வேலை பார்த்த ஜான் கிறிஸ்டிக்கு, லட்சக்கணக்கான நிறம் உள்ள படங்களை 256 நிறம் மட்டும் காட்டும் திரையில் காட்ட வேண்டியிருந்தது. யூஸ்நெட்டில் கேட்டார். பால் ராவெலிங் என்பவர் நிறம் குறைக்கும் தன் நிரலை மூலநிரலோடு கொடுத்தார். அதன்மேல் கட்டிக்கொண்டே போய், டூபான்ட்டும் சம்மதிக்க, 1990 ஆகஸ்ட் 1 அன்று கிறிஸ்டி எல்லோருக்கும் திறந்துவிட்டார். இன்று எத்தனையோ இணையதளங்களில் நீங்கள் ஏற்றும் படத்தைப் பின்னால் சுருக்கிக் கூர்மையாக்குவது இதுதான். அதில் மோக்ரிஃபை என்று ஒரு கட்டளை உண்டு. ஒரு ஃபோல்டரில் இருக்கும் எல்லாப் படத்தையும் ஒரே வரியில் மாற்றும். பழைய கோப்பின் மேலேயே எழுதிவிடும், கேள்வி கேட்காது. வேறு ஃபோல்டரில் போடு என்று பாதையைக் கொடுக்காமல் அதை ஓட்டக் கூடாது. சிறு அளவுக்குச் சுருக்கிய படத்திலிருந்து பெரிய படம் திரும்பி வராது.

கிம்புக்குள்ளேயும் ஸ்கிரிப்ட்-ஃபூ என்று ஸ்கீம் மொழியில் எழுதும் வசதி இருந்தது. பெயர் குங்ஃபூவிலிருந்து வந்த விளையாட்டு. அடைப்புக்குறி மழை. சாதாரண ஆட்கள் அதைத் தொடவில்லை. அவர்களுக்காக டேவிட் ஹாட்சன் என்பவரின் டிபிபி, பிறகு அலெசாண்ட்ரோ ஃபிரான்செஸ்கோனியின் பிம்ப் போன்ற ப்ளக்-இன்கள் வந்து, சுட்டியைச் சொடுக்கியே நூறு படத்தை வரிசையாகச் சுருக்கிக் கூர்மையாக்க வழி செய்தன.

இப்போது பிரிண்டர். இங்கேதான் நிஜமான சண்டை.

கட்டற்ற மென்பொருள் இயக்கமே ஒரு பிரிண்டரில்தான் தொடங்கியது என்று சொல்வார்கள். 1980 வாக்கில் எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவுக் கூடத்துக்கு ஜெராக்ஸ் ஒரு லேசர் பிரிண்டர் கொடுத்தது. தாள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும். பழைய பிரிண்டரில் இந்தத் தொல்லை வந்தபோது ரிச்சர்ட் ஸ்டால்மன் நிரலைத் திருத்தி, தாள் மாட்டினால் காத்திருப்பவர்களின் திரையில் செய்தி வரும்படி செய்திருந்தார். புது பிரிண்டரின் மூலநிரல் கிடைக்கவில்லை. அதை வைத்திருந்த கார்னகி மெலன் ஆராய்ச்சியாளர் ஒருவரை நேரில் போய்க் கேட்டும், தர மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்லி மறுத்துவிட்டார். அந்தக் கசப்பை ஸ்டால்மன் மறக்கவில்லை. 1983 செப்டம்பரில் க்னூ திட்டம் அறிவிக்கப்பட்டது.

ஆனால் பதினைந்து ஆண்டு கழித்தும் பிரிண்டர் நிலைமை தேறவில்லை. எழுத்தை அச்சடிக்கலாம், புகைப்படம் வராது. 1999 ஜூலையில் ராபர்ட் க்ராவிட்ஸ் என்ற புகைப்பட ஆர்வலர் எப்சன் ஸ்டைலஸ் ஃபோட்டோ இஎக்ஸ் என்ற ஆறு நிற பிரிண்டரை வாங்கினார். லினக்ஸில் அதற்கு டிரைவர் கிடையாது. மைக்கேல் ஸ்வீட் எழுதிய அந்த கிம்ப் பிரிண்ட் ப்ளக்-இன்னைத் திறந்து, ஆறு நிறத்துக்கு ஏற்ப மாற்ற ஆரம்பித்தார். ஆண்டு முடிவதற்குள் கிம்ப்-பிரிண்ட் 3.0 வந்துவிட்டது.

என்னைக் கேட்டால் கூர்மையாக்குவதெல்லாம் இதற்கு முன்னால் குழந்தை விளையாட்டு. ஒரு இங்க்ஜெட் பிரிண்டரை 'படம் அச்சடி' என்று சொன்னால் அது அடிக்காது. எந்த இடத்தில் எந்த மைத்துளி விழ வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். துளி விழும் அல்லது விழாது. பாதி சாம்பல் நிறம் என்று ஒன்று மையில் கிடையாது. சாம்பலைப் புள்ளிகளின் நெருக்கத்தால் காட்ட வேண்டும். 1973இல் கோடக்கின் பிரைஸ் பேயர் இதற்கு ஒரு சதுரக் கட்ட முறை கொடுத்தார், 1976இல் ஃபிளாய்டும் ஸ்டைன்பெர்க்கும் பிழையைப் பக்கத்துப் புள்ளிக்குத் தள்ளிவிடும் முறையைக் கொடுத்தார்கள். பேயர் என்ற பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? உங்கள் கைப்பேசிக் கேமராவின் சென்சார் மேலே இருக்கும் சிவப்பு-பச்சை-நீலக் கட்டம் அவருடையதுதான், 1976 காப்புரிமை. ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு நிறத்தை மட்டும் அளந்து மற்ற இரண்டையும் பக்கத்திலிருந்து ஊகிப்பதால் படம் சற்று மங்கும். டிஜிட்டல் படத்துக்குக் கூர்மையாக்கல் கட்டாயமானதற்கு அதுவும் ஒரு காரணம். படம் பிறக்கும் இடத்திலும் தாளில் விழும் இடத்திலும் ஒரே மனிதர் நிற்கிறார்.

வெளிர்நீலம், வெளிர்சிவப்பு என்று இரண்டு மை கூடுதலாக இருப்பதுதான் ஆறு நிறம். முகத்தின் வெளிச்சப் பகுதியில் அடர்ந்த மைத்துளி விழுந்தால் பருப் போலத் தெரியும். வெளிர் மை விழுந்தால் தெரியாது. எந்த இடத்தில் வெளிர் மையிலிருந்து அடர் மைக்கு மாறுவது, மாறும் இடம் கண்ணுக்குத் தெரியாமல் எப்படிச் செய்வது என்பதெல்லாம் டிரைவர் தலையில். இதற்காக ராஃப் லெவியன் கொடுத்த ஈவன்டோன் முறை, துளிகள் கும்பலாகவும் சேராமல் வரிசையாகவும் நிற்காமல் சிதறி விழும்படி பார்த்துக்கொள்கிறது.

அடுத்தது நெசவு. நிஜமாகவே வீவிங் என்றுதான் பெயர். அச்சுத்தலையில் மைத்துளைகள் அச்சு வரிகளைவிடத் தள்ளித்தள்ளி இருக்கும். நான்கு வரிக்கு ஒரு துளை என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் நான்கு துளை. முதல் ஓட்டத்தில் 0, 4, 8, 12 ஆகிய வரிகள் விழும். தாளை நான்கு வரி தள்ளினால் அடுத்து 4, 8, 12, 16. அதே வரியில் மறுபடி மறுபடி மை, நடுவில் வெற்று. இப்போது மூன்று துளையை மட்டும் பயன்படுத்தி, மூன்று வரி தள்ளிப் பாருங்கள். 0, 4, 8. பிறகு 3, 7, 11. பிறகு 6, 10, 14. பிறகு 9, 13, 17. ஆறாவது வரியிலிருந்து எல்லா வரியும் சரியாக ஒரே ஒரு முறை விழும். ஒரு பேப்பர் எடுத்துப் போட்டுப் பாருங்கள், நன்றாக இருக்கும். துளைகளின் எண்ணிக்கைக்கும் இடைவெளிக்கும் பொது வகுத்தி இருக்கக் கூடாது, அவ்வளவுதான் ரகசியம். பள்ளிக்கூடத்தில் மீப்பெரு பொது வகுத்தி எதுக்கு உதவும்னு கேட்டோமே, இதுக்குத்தான். தொடக்கத்தில் 1, 2, 5 ஆகிய வரிகள் விட்டுப்போகிறதல்லவா, அதற்குத் தாளின் தலைப்பகுதியில் தனிக் கணக்கு. இப்படிப் பக்கத்துப் பக்கத்து வரிகளை வெவ்வேறு துளைகள் அடிப்பதில் ஒரு லாபம் உண்டு. ஒரு துளை லேசாக அடைத்திருந்தாலும் படத்தில் பட்டையாகத் தெரியாது.

இந்த வேலை கிம்ப் என்ற ஒரு மென்பொருளுக்கு மட்டும் இருக்க வேண்டியதில்லை என்று ஆனபோது, பெயரையும் மாற்றினார்கள். குட்டன்பிரிண்ட். குட்டன்பெர்க்கின் நினைவாக; ஜெர்மனில் 'குட்டன்' என்றால் நல்ல. இதற்கிடையே மைக்கேல் ஸ்வீட் என்ன செய்துகொண்டிருந்தார்? 1999இல் கப்ஸ் என்ற அச்சு அமைப்பை வெளியிட்டார். லினக்ஸில் இன்று நீங்கள் எதை அச்சடித்தாலும் அதன் வழியாகத்தான் போகிறது. 2002இல் ஆப்பிள் தன் மேக் கணினியில் அதையே வைத்துக்கொண்டது, 2003இல் கிம்ப்-பிரிண்ட் டிரைவர்களையும் சேர்த்துக்கொண்டது. உற்பத்தியாளர் கைவிட்ட எத்தனையோ பிரிண்டர்கள் மேக்கில் ஓடியது ஒரு புகைப்பட ஆர்வலரின் எரிச்சலால்.

கூர்மையாக்குவதையும் அச்சடிப்பதையும் ஏன் பிரிக்க முடியவில்லை என்பதற்கு வருகிறேன். மை தாளில் பரவும், ஒளி தாளுக்குள் சிதறும், புள்ளிகள் ஓரத்தைக் கடிக்கும். திரையில் சரியாக இருக்கும் படம் தாளில் கொஞ்சம் சோர்ந்துதான் விழும். அதனால் அச்சுக்கென்று தனியாக, திரையில் பார்த்தால் சற்று அதிகம் என்று தோன்றும் அளவுக்குக் கூர்மையாக்க வேண்டும். புரூஸ் ஃபிரேசர் என்பவர் இதை மூன்று கட்டமாகவே பிரித்து 2006இல் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். கேமரா கெடுத்ததைச் சரிசெய்ய ஒன்று, படத்தில் எதைக் காட்ட வேண்டுமோ அதற்கு ஒன்று, அச்சுக்கு ஒன்று. கணக்கு எளிது. அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் ஒரு புள்ளி 0.085 மில்லிமீட்டர். ஒரு அடி தூரத்தில் வைத்துப் பார்க்கும்போது நல்ல கண் பிரித்தறியும் எல்லையும் ஏறத்தாழ அதுவே. ஓரிரு புள்ளி அகலத்துக்கு விளிம்பில் வெள்ளைக்கோடு போட்டால் கோடு தெரியாது, கூர்மை தெரியும். ஐந்தாறு புள்ளி என்றால் கோபுரத்தைச் சுற்றி வானத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும். நாலுக்கு ஆறு அங்குலப் படத்துக்கு 1200க்கு 1800 புள்ளி. முதலில் அந்த அளவுக்குச் சுருக்கிவிட்டு, அதன்பிறகு கூர்மையாக்க வேண்டும். வரிசை மாறினால் உழைப்பு வீண்.

இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். எங்கள் பெரியப்பா காலமானபோது அவருடைய தனிப்படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. ஒரு கல்யாண குரூப் போட்டோவில், மூன்றாவது வரிசையில், கட்டைவிரல் நகத்தைவிடச் சின்னதாக முகம். ஸ்டுடியோவில் கொடுத்தபோது ஏதோ ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டுப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். கண்ணிமை முடி எண்ணலாம், அவ்வளவு தெளிவு. பெரியம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது யாருப்பா? அவரு மாதிரி ஒருத்தரு" என்றார்.

மாலினின் ஓடுகள் தட்டில் இருந்தன. இந்தக் கண்ணிமைகள் அந்தப் போட்டோவில் இல்லை. அன்ஷார்ப் மாஸ்க் இருப்பதைக் கழித்துக் கூட்டும், இல்லாததை வரையாது. எந்தப் புள்ளி ஏன் மாறியது என்று விரல் வைத்துச் சொல்லலாம். இதைவிட ஒரு படி மேலே போகும் முறை டீகன்வல்யூஷன். எப்படி மங்கியது என்று தெரிந்தால் அந்த மங்கலைத் திருப்பி அவிழ்ப்பது. ரிச்சர்ட்சன் 1972இலும் லூசி 1974இலும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். 1990இல் ஹபிள் தொலைநோக்கி பிழையான கண்ணாடியோடு மேலே போனபோது, 1993இல் விண்வெளி வீரர்கள் போய்ச் சரிசெய்யும்வரை, அதன் படங்களை மீட்க உதவிய முறைகளில் அதுவும் ஒன்று. ராதெரபி என்ற கட்டற்ற மென்பொருளில் இன்று அது ஒரு ஸ்லைடர். அதுவும் ஓரளவுதான். வெள்ளித் துகளே பதிவு செய்யாததை எந்தக் கணக்காலும் எடுக்க முடியாது.

அந்த குரூப் போட்டோவை நான் 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்தேன். ஆறு மில்லிமீட்டர் முகத்துக்கு 280 புள்ளி சொச்சம் கிடைத்தது. பெரிய ரேடியஸ், சின்ன அமவுண்ட், தாளின் சொரசொரப்பு எழாத அளவுக்கு த்ரெஷோல்ட். சுவரில் மாட்டும் அளவை விட்டுவிட்டு, முகம் ஓர் அங்குலத்துக்கு வரும்படி சின்னதாக அச்சடித்தேன். இமை தெரியவில்லை. பெரியம்மா அதைத்தான் சாமி அறையில் வைத்திருக்கிறார்.

கப்ஸின் உரிமையை 2007இல் ஆப்பிள் வாங்கியது, ஸ்வீட்டும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்திருந்தார். 2019 டிசம்பரில் வெளியே வந்தார். இப்போது ஓபன்பிரிண்டிங் குழுவோடு சேர்ந்து கப்ஸைப் பராமரிக்கிறார். அடுத்த தலைமுறை அச்சில் டிரைவரே தேவையில்லை என்பது திட்டம். கைப்பேசியிலிருந்து படத்தை அப்படியே அனுப்பினால் பிரிண்டர் பார்த்துக்கொள்ளும். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் பேயரின் கட்டம், லெவியனின் சிதறல், அந்த 0, 4, 8 நெசவு எல்லாம் பிரிண்டரின் உள்ளே இருக்கும் மூடிய நிரலுக்குப் போய்விடுகின்றன. ஸ்டால்மனுக்குக் கிடைக்காத மாதிரி நமக்கும் கிடைக்காது. குட்டன்பிரிண்ட் போன்ற பழைய டிரைவர்களை 'பிரிண்டர் அப்ளிகேஷன்' என்ற புது உறைக்குள் போட்டு உயிரோடு வைக்க வழி செய்திருக்கிறார்கள். அந்த உறைக்கு அடித்தளமான பாப்பிள் நூலகத்தை எழுதியவரும் மைக்கேல் ஸ்வீட்தான்.

க்ராவிட்ஸ் 1999இல் வாங்கிய ஸ்டைலஸ் ஃபோட்டோ இஎக்ஸ், குட்டன்பிரிண்டின் ஆதரவுப் பட்டியலில் இன்னும் இருக்கிறது.